இடமா, வலமா? ஒரு பழைய பெயர்ப்பலகையின் வரலாறு



மலருக்கு எழுதச் சொன்ன குழுவினர், "அரசியல் மட்டும் வேண்டாம் சார், வரலாறு எழுதுங்க" என்று அன்போடு கேட்டுக்கொண்டார்கள். அதனால் வரலாறுதான் எழுதுகிறேன். வரலாற்றுக்குள் அரசியல் வந்து உட்கார்ந்துகொண்டால் அதற்கு நான் பொறுப்பில்லை!

விடுதி நாட்களில் நம்மில் பலர் ஒருவரையொருவர் "அவன் லெப்டுப்பா", "இவன் ரைட்டு" என்று முத்திரை குத்தியவர்கள்தாம். இன்று நம் பிள்ளைகள், "இந்த இடது, வலது எல்லாம் இன்னுமா இருக்கு?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. நேற்று எதிரெதிராக நின்ற கட்சிகள் இன்று ஒரே மேடையில் மாலை மாற்றிக்கொள்வதைப் பார்த்து வளர்ந்த தலைமுறை அது. அதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால் இந்தப் பெயர்கள் எங்கே பிறந்தன, எப்படி நம் ஊருக்கு வந்தன, வந்து என்ன செய்தன என்று கொஞ்சம் திரும்பிப் பார்க்க வேண்டும்.

நாற்காலியில் பிறந்த சொல்

1789-ஆம் ஆண்டு. பிரான்ஸ் நாட்டில் வெர்சேல்ஸ் நகரில் தேசிய சபை கூடியிருக்கிறது. ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் சபைக்கு முன் வந்த பெரிய கேள்வி இது: மக்கள் பிரதிநிதிகள் நிறைவேற்றும் சட்டத்தை மன்னர் ரத்து செய்யலாமா, கூடாதா? மன்னருக்கு முழு அதிகாரம் வேண்டும் என்றவர்கள் சபைத் தலைவரின் வலப்பக்கம் போய் அமர்ந்தார்கள். கூடாது என்றவர்கள் இடப்பக்கம் அமர்ந்தார்கள். கடைசியில் மன்னர் சட்டத்தைத் தாமதப்படுத்தலாம், அடியோடு தடுக்க முடியாது என்று முடிவாயிற்று. விவாதம் முடிந்தது, உட்கார்ந்த வழக்கம் நின்றுவிட்டது. 1793 ஜனவரியில் பதினாறாம் லூயி மன்னரின் தலை போனது. வலது, இடது என்ற பெயர்கள் மட்டும் போகவில்லை.

தமிழில் நாம் சொல்லும் 'இடதுசாரி', 'வலதுசாரி' என்பவை இந்தக் கதைக்குப் பொருத்தமான சொற்கள். சாரி என்றால் வரிசை. எறும்பு சாரி சாரியாகப் போகிறது என்கிறோமே, அந்தச் சாரிதான். ஆக, இடதுசாரி என்றால் இடப்பக்க வரிசையில் உட்கார்ந்தவர், அவ்வளவுதான்.

வலப்பக்கம் ஏன் மன்னரின் ஆட்களுக்குப் போனது? ஐரோப்பாவில் வலப்பக்கம் மரியாதைக்குரிய இடம். நம் ஊரிலும் வேறு மாதிரி இல்லை. மருமகளை வலது காலை எடுத்து வைத்து வரச் சொல்கிறோம். பேச்சு வழக்கில் வலது கைக்குச் 'சோத்தாங்கை' என்று பெயர், இடது கைக்கு 'நொட்டாங்கை' என்று பெயர். பாவம், இடது எங்கே போனாலும் கொஞ்சம் இளைத்தவன்தான்!

இன்னொரு வேடிக்கை. நம் சட்டசபைகளிலும் பார்லிமென்டிலும் ஆளுங்கட்சி சபாநாயகரின் வலப்பக்கமும் எதிர்க்கட்சி இடப்பக்கமும் உட்காருவது மரபு. 1957-ல் கேரளத்தில் ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாட் முதலமைச்சரானபோது கம்யூனிஸ்டுகள் வலப்பக்கம் உட்கார வேண்டியதாயிற்று. உட்காரும் இடத்தை வைத்துக் கொள்கையைச் சொல்லும் காலம் அப்போதே முடிந்துவிட்டது.

நம்மிடம் இருந்த வலங்கையும் இடங்கையும்

வெள்ளைக்காரன் சொல்லித்தான் நமக்கு இடது வலது தெரியும் என்று நினைத்துவிட வேண்டாம். பிரெஞ்சுப் புரட்சிக்கு ஏழு நூற்றாண்டுகளுக்கு முன்பே தமிழ்நாட்டில் வலங்கை, இடங்கை என்ற பிரிவுகள் இருந்தன. சோழர் காலக் கல்வெட்டுகளில் வலங்கை வேளைக்காரப் படைகளைப் பார்க்கலாம். பிறகு இவை சாதித் தொகுதிகளாக மாறின. வலங்கை 98, இடங்கை 98 என்று கணக்குச் சொல்வது வழக்கம். பொதுவாக நிலத்தைச் சார்ந்தவர்கள் வலங்கை என்றும், கைவினைஞர்களும் வணிகரில் ஒரு பகுதியினரும் இடங்கை என்றும் கொள்ளலாம். ஆனால் ஊருக்கு ஊர் வேறுபாடு உண்டு.

சண்டை எதற்குத் தெரியுமா? எந்தத் தெருவில் ஊர்வலம் போகலாம், கல்யாணத்தில் எந்தக் கொடி பிடிக்கலாம், எந்த வாத்தியம் வாசிக்கலாம் என்பதற்கு. சென்னைப்பட்டினத்தில் கும்பினியார் கோட்டை கட்டிச் சில ஆண்டுகளிலேயே, 1652-53-ல், இந்தக் கலகம் வெடித்தது. 1707-ல், கவர்னர் தாமஸ் பிட் காலத்தில் மறுபடியும் பெரிதாகக் கிளம்பியது. வலங்கையார் பலர் ஊரையே காலி செய்துகொண்டு சாந்தோம் போய்விட்டார்கள். கடைசியில் தெருக்களைப் பிரித்துக் கொடுத்து எல்லை வகுத்துச் சமாதானம் செய்தார்கள்.

இன்று உங்கள் வீட்டில் நீங்கள் வலங்கையா, இடங்கையா என்று கேட்டுப் பாருங்கள். பாட்டிக்கும் தெரியாது. அறுநூறு, எழுநூறு ஆண்டுகள் மனிதர்கள் மல்லுக்கட்டிய ஒரு பெயர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் தேய்ந்து காணாமல் போய்விட்டது. காலனி ஆட்சியில் கோர்ட்டு, வேலை, பணம், புதிய சாதிச் சங்கங்கள் என்று அந்தஸ்தைத் தீர்மானிக்கும் இடங்கள் மாறின. அந்தப் பெயருக்கு வேலை இல்லாமல் போனது. சாதி மட்டும் போகவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த ஆண்டு 1429. விஜயநகர ஆட்சிக் காலம். அரசு அதிகாரிகளும் நில உரிமையாளர்களும் சேர்ந்து வரிக் கொடுமை செய்தார்கள். காவிரிக் கரை ஊர்களில் வலங்கையாரும் இடங்கையாரும் ஒன்றாகக் கூடி, முறையற்ற வரியைக் கொடுப்பதில்லை என்று தீர்மானம் செய்து கல்லிலேயே வெட்டி வைத்தார்கள். அந்தக் கல்வெட்டுகள் இன்றும் உள்ளன. அதாவது, வயிற்றில் அடித்தபோது இரண்டு கையும் சேர்ந்துகொண்டது. கூட்டணி என்பது இருபதாம் நூற்றாண்டின் கண்டுபிடிப்பு என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

எதிரி நம்பர் ஒன்றிலிருந்து ஒரே கூட்டணிக்கு

இனி நம் காலத்துக்கு வருவோம். 1923 மே முதல் தேதி சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் செங்கொடி ஏற்றி மே தினம் கொண்டாடினார். இந்தியாவிலேயே அதுதான் முதல் மே தினக் கொண்டாட்டம் என்பார்கள். தமிழ்நாட்டில் இடதுசாரி அரசியலின் பிறந்த நாளாக அதைக் கொள்ளலாம்.

1952-ல் முதல் பொதுத் தேர்தல். சென்னை மாகாண சட்டசபையில் 375 இடங்கள். காங்கிரசுக்கு 152. கம்யூனிஸ்டுகளுக்கு 62. பி. ராமமூர்த்தி சிறையில் இருந்தபடியே மதுரையில் ஜெயித்தார். காங்கிரசுக்குப் பெரும்பான்மை இல்லை. ராஜாஜியை மேலவைக்கு நியமித்து முதல்வராக்கினார்கள். அவர் சட்டசபையிலேயே கம்யூனிஸ்டுகளைத் தமது முதல் நம்பர் எதிரி என்று பகிரங்கமாகச் சொன்னார். பின்னர் 1955-ல் ஆவடி காங்கிரஸ் 'சோஷலிச மாதிரி சமுதாயம்' என்று தீர்மானம் போட்டது. ராஜாஜிக்கு அது பிடிக்கவில்லை. காங்கிரசை விட்டு விலகி 1959-ல் சுதந்திரா கட்சியைத் தொடங்கினார். லைசென்ஸ், பெர்மிட், கோட்டா ராஜ்யம் ஒழிய வேண்டும் என்பது அவர் முழக்கம். அகில இந்தியாவிலும் வலதுசாரி என்ற பெயருக்கு அதைவிடப் பொருத்தமான கட்சி அப்போது இல்லை.

பிறகு 1967. தி.மு.க. தலைமையில் ஒரு கூட்டணி. அதில் ராஜாஜியின் சுதந்திராவும் இருக்கிறது, ராமமூர்த்தியின் மார்க்சிஸ்ட் கட்சியும் இருக்கிறது! பதினைந்தே வருடத்தில் முதல் நம்பர் எதிரிகள் ஒரே அணிக்கு ஓட்டுக் கேட்டார்கள். தி.மு.க. 137, சுதந்திரா 20, மார்க்சிஸ்ட் 11 இடங்கள் பிடித்தன. காங்கிரஸ் 51-ல் நின்றது. ராமமூர்த்தி மதுரையிலிருந்து லோக்சபாவுக்குப் போனார்.

என்னய்யா இது என்று கேட்கத் தோன்றும். பதில் எளிது. அன்றைக்கு ஓட்டர் முன் இருந்த கேள்வி ஆலைகள் யாருக்குச் சொந்தம் என்பது அல்ல. அரிசி கிடைக்கவில்லை. 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தின் காயம் ஆறவில்லை. இருபது ஆண்டுக் காங்கிரஸ் ஆட்சி போதும் என்ற எண்ணம் இருந்தது. இந்த மூன்றுக்கும் இடதிலும் இடம் இல்லை, வலதிலும் இடம் இல்லை. 1971-ல் காட்சி மறுபடி மாறியது. ராஜாஜியும் காமராஜரும் ஒரு பக்கம், தி.மு.க.வும் இந்திரா காங்கிரசும் வலது கம்யூனிஸ்டுகளும் மறுபக்கம். ஆமாம், 1964 பிளவுக்குப் பிறகு கம்யூனிஸ்டுகளுக்குள்ளேயே 'வலது கம்யூனிஸ்ட்', 'இடது கம்யூனிஸ்ட்' என்று நம் பத்திரிகைகள் எழுதின. இடதுக்குள்ளே ஒரு வலது!

டெல்லியிலும் இதே கதை நடந்தது. 1989-ல் வி.பி. சிங் ஆட்சியை ஒரு பக்கம் பாரதிய ஜனதாவும் மறுபக்கம் இடதுசாரிகளும் வெளியிலிருந்து தாங்கினார்கள். மண்டல் கமிஷனும் ரத யாத்திரையும் வந்தபின் அந்தப் பந்தல் 1990 நவம்பரில் சரிந்தது. 2008 ஜூலையில் அணுசக்தி ஒப்பந்தத்தை ஒட்டி வந்த நம்பிக்கை வாக்கெடுப்பில், மன்மோகன் சிங் அரசுக்கு எதிராகப் பா.ஜ.க.வும் மார்க்சிஸ்டுகளும் ஒரே பக்கம் ஓட்டுப் போட்டார்கள். காரணங்கள் வேறு, பொத்தான் ஒன்று.

ஆட்சி நாற்காலியும் பெயரைக் குழப்பியது. 1977 முதல் 34 ஆண்டுகள் மேற்கு வங்கத்தை ஆண்ட இடது முன்னணி, தொடக்கத்தில் லட்சக்கணக்கான குத்தகை விவசாயிகளின் உரிமையைப் பதிவு செய்து கொடுத்தது. அதே ஆட்சிதான் 2006-07-ல் சிங்கூரிலும் நந்திகிராமிலும் தொழிற்சாலைக்காக நிலம் எடுக்கப் புறப்பட்டது. 2007 மார்ச்சில் நந்திகிராமில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 14 பேர் இறந்தார்கள். 2011-ல் மக்கள் ஆட்சியை மாற்றிவிட்டார்கள். நிலம் போகிறவனுக்கு எடுப்பவன் எந்தச் சாரி என்று கேட்க நேரம் இருப்பதில்லை.

அப்படியானால் பெயரைத் தூக்கிப் போட்டுவிடலாமா?

இவ்வளவும் படித்த நண்பர் ஒருவர், "சரி, எல்லாம் பம்மாத்து, விட்டுத் தள்ளு" என்று சொல்லலாம். அங்கேதான் நான் மாறுபடுகிறேன். கட்சித் தலைவர்களின் கூட்டணிக் கணக்கை மட்டும் பார்த்தால் பெயர் செத்துவிட்டது போலத்தான் தெரியும். கீழே, வயல் வரப்பில் நின்று பார்த்தால் வேறு மாதிரி தெரியும்.

பழைய தஞ்சை ஜில்லாவை எடுத்துக்கொள்ளுங்கள். பண்ணையாட்களைச் சாட்டையால் அடிப்பதும் சாணிப்பால் குடிக்க வைப்பதும் நடந்த பூமி அது. 1940-களில் பி. சீனிவாசராவ் போன்றவர்கள் அங்கே விவசாயச் சங்கம் கட்டினார்கள். கூலி நெல், அடி உதை, குடியிருக்கும் மனை ஆகியவைதாம் சங்கத்தின் விஷயங்கள். 1952-ல் தஞ்சாவூர் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. குத்தகைதாரரையும் பண்ணையாளையும் நினைத்த நேரத்தில் வெளியேற்ற முடியாதபடி அது பாதுகாப்புக் கொடுத்தது. கொண்டுவந்தது யார்? கம்யூனிஸ்டுகளை முதல் எதிரி என்ற அதே ராஜாஜி அரசுதான். தஞ்சையில் செங்கொடி பறக்காமல் இருந்திருந்தால் அந்தச் சட்டத்துக்கு அவ்வளவு அவசரம் வந்திருக்காது. ராஜாஜி சட்டம் போடாமல் இருந்திருந்தால் செங்கொடிக்கு அந்தப் பலன் சட்டமாகக் கிடைத்திருக்காது. இடதும் வலதும் நிஜமாகவே இடதும் வலதுமாக இருந்ததால் ஏழைக்கு ஒன்று கிடைத்தது.

1968 டிசம்பர் 25. கீழவெண்மணி. கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர்களிடம், செங்கொடிச் சங்கத்தை விட்டு வரும்படி மிராசுதார்கள் வற்புறுத்தினார்கள். மறுத்தார்கள். அன்று இரவு ஒரே குடிசைக்குள் தலித் மக்கள் 44 பேர் உயிரோடு எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். குற்றம் சாட்டப்பட்ட மிராசுதார்கள் பின்னர் உயர் நீதிமன்றத்தில் விடுதலையானார்கள். 1969-ல் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. அந்த ஜனங்களிடம் போய், இடது என்பதும் வலது என்பதும் வெறும் லேபிள் என்று யாரால் சொல்ல முடியும்? அவர்களுக்கு அது உயிரின் விலை.

ஒன்றையும் மறக்கக் கூடாது. வெண்மணியில் எரிந்தது கூலிக்காரர்களின் குடிசை மட்டுமல்ல, சேரிக் குடிசை. கூலி என்பது இடது–வலது அளவுகோலில் அகப்படும். சாதி அதில் முழுவதும் அகப்படாது. 1930-களிலேயே பெரியாரும் சிங்காரவேலரும் சேர்ந்து சமதர்மத் திட்டம் வகுத்தபோது இந்த முடிச்சு இருந்தது: முதலில் சாதியா, முதலில் வர்க்கமா? மொழி, மாநில உரிமை, பெண் உரிமை எல்லாம் அப்படித்தான். பிரெஞ்சு நாற்காலி வரிசையில் இவற்றுக்கு ஆசனம் போடவில்லை. அதனால்தான் தமிழ்நாட்டு அரசியலை இந்த ஒரு கோலால் அளந்தவர்கள் எல்லாம் ஏமாந்தார்கள். சிவப்புக் கம்பளம் விரித்து மோட்டார் கம்பெனிகளை அழைத்ததும் இங்கேதான், பள்ளியில் இலவசமாகச் சோறு போட்டதும் இங்கேதான். இது எந்தச் சாரி?

பன்னிரண்டு மணி நேரம்

கடைசியாக ஒரு சம்பவம். 2023 ஏப்ரல் 21-ஆம் தேதி நம் சட்டசபையில் தொழிற்சாலைகள் சட்டத் திருத்த மசோதா நிறைவேறியது. ஒரு நாளில் 12 மணி நேரம் வரை வேலை வாங்க வழி திறக்கும் திருத்தம். தொழில் வளர வேண்டும், முதலீடு வர வேண்டும், நேரத்தில் நெகிழ்வு வேண்டும் என்றது ஒரு தரப்பு. எட்டு மணி நேர வேலை என்பது ரத்தம் சிந்தி வாங்கியது, விடமாட்டோம் என்றது மறுதரப்பு. ஆளுங்கட்சியின் கூட்டணியில் இருந்த கம்யூனிஸ்டுகளும் மற்றவர்களும் வெளிநடப்பு செய்தார்கள். தொழிற்சங்கங்கள் கொதித்தன. மூன்றே நாளில் மசோதா நிறுத்தி வைக்கப்பட்டது. மே முதல் தேதி முதலமைச்சர் அதைத் திரும்பப் பெற்றதாக அறிவித்தார். சிங்காரவேலர் கடற்கரையில் கொடி ஏற்றிச் சரியாக நூறு வருடம் ஆகியிருந்தது.

இதில் யார் செய்தது சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. நம் சங்கத்தில் ஆலை நடத்துபவர்களும் இருக்கிறீர்கள், ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களும் இருக்கிறீர்கள். இரண்டு பக்கத்திலும் நியாயம் பேச முடியும். நான் கவனிக்கச் சொல்வது வேறு. அந்தப் பத்து நாளில் யாரும் யாரையும் இடதா வலதா என்று கேட்கவில்லை. ஆனால் எல்லோரும் ஏதோ ஒரு பக்கத்தில் நின்றார்கள். உழைக்கிறவனின் நேரம் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி எழுந்தவுடன் வரிசை தானாகப் பிரிந்துவிட்டது. 1789-ல் நடந்ததும் அதுதான். கேள்வி முதலில் வந்தது, நாற்காலி பிறகு வந்தது, பெயர் அதற்கும் பிறகுதான் வந்தது.

ஆகவே பிள்ளைகளுக்கு நான் சொல்லும் பதில் இது. கட்சிக்கு மேல் ஒட்டிய இடது, வலது என்ற சீட்டை நம்பி ஓட்டுப் போடாதே. அந்தச் சீட்டு அடிக்கடி உரிந்து விழும். ஆனால் அந்தச் சீட்டுக்குப் பின்னால் இருக்கும் கேள்விகளைக் கேட்காமல் விடாதே. ஒரு சட்டம் வந்தால், இதில் லாபம் யாருக்கு, சுமை யார் தோளில் என்று கேள். ஒரு பழைய ஏற்பாட்டைக் காப்பாற்ற வேண்டும் என்று யாராவது சொன்னால், அந்த ஏற்பாட்டில் அடிபட்டவன் என்ன சொல்கிறான் என்று கேள். ஒன்றை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவோம் என்று சொன்னால், இடிபாட்டுக்கு அடியில் யார் இருக்கிறார்கள் என்று கேள். முதல் இரண்டும் இடதுசாரிகள் நமக்குக் கற்றுக் கொடுத்த கேள்விகள். மூன்றாவது ராஜாஜி மாதிரியானவர்கள் கற்றுக் கொடுத்தது. மூன்றும் வேண்டும்.

வலங்கை, இடங்கை என்ற பெயர்கள் போனதற்காக இன்று யாரும் அழவில்லை. இடதுசாரி, வலதுசாரி என்ற பெயர்களும் ஒரு நாள் போகலாம். போனால் போகட்டும். கூலியும் நிலமும் நேரமும் இருக்கும் வரை அந்தக் கேள்விகள் போகாது.

சந்திப்பு நாளில் சாப்பாட்டுப் பந்தியில் என்னோடு சண்டை போட வருபவர்களை அன்போடு வரவேற்கிறேன். எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் இலை ஒன்றுதான், சாம்பார் ஒன்றுதான்.